மீன் விடுவதற்கு முன்

கடல் தண்ணீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, அன்றைக்கே மீனையும் கையோடு வாங்கி வருவது. தொட்டி, மணல், பாறை, பம்பு எல்லாம் கச்சிதமாக இருக்கும். உப்பும் சரியாகக் கலந்திருக்கும். தண்ணீர் பளிங்குபோலத் தெளிந்து நிற்கும். மீனை விட்டால் நாலாம் நாள் அது ஒருக்களித்துப் படுத்து மூச்சு வாங்கும். உடனே கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவார்கள். கடைக்காரன் என்ன செய்வான், பாவம்.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டீர்கள், மேடம். அங்கேதான் வருகிறேன். முப்பத்தொரு வருஷம் குடிநீர் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்தவன் நான். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோவையாக வரும். நடுவில் புகுந்து பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

புதுத் தொட்டியில் கழிவைத் தின்கிற நுண்ணுயிர்கள் இருக்காது. மீன் கழிப்பதெல்லாம் அம்மோனியாவாகச் சேரும். அது விஷம். நாளாக ஆக அதைத் தின்ன ஒரு வகை நுண்ணுயிர் வளரும். அது தின்றுவிட்டு நைட்ரைட் என்ற இன்னொரு விஷத்தை விடும். அதைத் தின்ன இரண்டாவது வகை வளர வேண்டும். அதன் பிறகு மிஞ்சுவது மீனைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. இப்படி ஒரு சுற்று முடிய ஐந்தாறு வாரம் ஆகும். தொட்டி பழகுவது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். வேடிக்கை என்னவென்றால், பழகுவதற்கே முதலில் விஷம் வேண்டும். சும்மா வைத்திருந்தால் வருஷமானாலும் தொட்டி பழகாது.

இதை மீன் கடைக்காரர்தான் எனக்கு விளக்கினார். நல்ல மனுஷர், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்.

"ஒரு பச்சை இறால் துண்டைப் போட்டு விட்டுருங்க சார். அது பாட்டுக்கு அழுகும், வேலை நடக்கும். முன்னெல்லாம் நாங்க நீல மீன் ஒண்ணு விடுவோம். முரட்டு மீன், எவ்வளவு விஷம் ஏறினாலும் தாங்கும். செவுள் வெந்து போகும், ஆனா லேசுல சாவாது. அது தாங்கித் தாங்கித் தொட்டி பழகினதும் நல்ல மீனா வாங்கி விடுவாங்க. இப்ப யாரும் அப்படிச் செய்யறதில்ல. பாவம்ல."

எனக்கும் மனசு ஒப்பவில்லை. வாயில்லாத ஓர் உயிரை விஷத்தில் விட்டு, அது தவிப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. இறால் துண்டுதான் போட்டேன். தயவுசெய்து இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தொட்டி யாருக்காக என்றால், என் பேத்திக்காக. ஆறு வயது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் வேண்டும் என்று ஒருநாள் போனில் கேட்டாள். என் மகளும் அவளும் ஊரின் மறுகோடியில் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு இருவரும் என் வீட்டுக்கே வந்தார்கள்; ஏழு மாதம் இருந்தார்கள். அப்புறம் ஒருநாள் மகள் துணிமணிகூட எடுத்துக்கொள்ளாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். காரணம் அவள் தம்பி. அவளைத் திரும்ப வரவழைப்பது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்த ஆசை. இந்த வயதில் வேறு என்ன வேண்டும் எனக்கு? சாயங்காலம் வீட்டில் ஒரு குழந்தையின் சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

என் மகனை நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். வெளியே அவனைப் பற்றி யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களிடம் அவன் பேசுகிற அழகைக் கேட்க வேண்டும். "பயப்படாதீங்கம்மா, நான் இங்கதான் இருக்கேன், பத்தே நிமிஷம்" என்று தாலாட்டுப் பாடுகிற மாதிரிப் பேசுவான். வீட்டுக்குள் காலை வைத்தால் மட்டும் ஆள் மாறிவிடுவான். சாப்பாட்டில் உப்பு, ஃபேன் சத்தம், ஈரத் துண்டு, எதுவாக இருந்தாலும் போதும். என் மனைவி இருந்தவரை அவளுக்கு அவனைச் சமாளிக்கத் தெரிந்திருந்தது. அவளுக்குப் பிறகு ஏழு மாதம் மகள் இருந்தாள். மகளும் போன பின் அது என் பக்கம் திரும்பியது. இந்த மோதிர விரல் மடங்காது, பாருங்கள். ஒரே ஒரு தடவைதான். ஆனால் எந்தச் சமயத்தில் எது பறக்கும் என்று தெரியாமல், பெற்ற பிள்ளை வருகிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவது பெரிய வேதனை, மேடம். சொந்த வீட்டில் சுவரோரமாகவே நடந்தேன்.

தொட்டி வாங்கிய அதே வாரம், கால்சட்டை நீளம் குறைக்க ஒரு தையல் கடைக்குப் போனேன். அங்கே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண் கையைச் சுட்டுக்கொண்டாள். நல்ல சூடு, தோல் வெளுத்துவிட்டது. அவள் கையை வாயருகே கொண்டுபோய் இரண்டு ஊது ஊதிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

"வலிக்கலையாம்மா?" என்றேன்.

"வலிச்சா மட்டும் யாரு சார் வந்து தேய்ச்சுத் தரப் போறாங்க?" என்று சிரித்தாள்.

பெற்றோர் இல்லை. சித்தி வீட்டில் வளர்ந்தவள். சித்தி குடும்பத்தோடு வேறு நாட்டுக்குப் போகிறாள், இவளை எங்கே விடுவது என்று அவர்களுக்கே தெரியவில்லை. என் மகனுக்குப் பெண் கேட்டேன். தலைமேல் இருந்த பாரம் இறங்கியது போலச் சம்மதித்தார்கள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு முடித்தோம். அவள் வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் தொட்டியில் இறாலைப் போட்டேன். நான் எதையும் மறைக்கவில்லை. பையன் கொஞ்சம் கோபக்காரன் என்று அவளிடமே சொன்னேன். "கோபம் யாருக்கு வராது? பசியில இருப்பாங்க, சாப்பிட்டா சரியாப் போயிரும்" என்றாள். தைரியமான பெண் என்று அப்போதே நினைத்தேன்.

நான் எழுதிவந்த குறிப்பேடு உங்கள் மேசையில் இருக்கிறது. இடது பக்கம் முழுக்கத் தொட்டி. வலது பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள் என்று தெரிகிறது. ஆய்வகப் பழக்கம், வேறொன்றுமில்லை. மாறுகிற பொருளை அளக்காமல் விட எனக்குத் தெரியாது. நாலாம் நாள் தொட்டியில் அம்மோனியா தெரிய ஆரம்பித்தது. சோதனைக் குழாயில் மஞ்சள் பச்சையாக மாறியது. வீட்டில் அன்றைக்கு ஒரு தட்டு பறந்தது. ஒன்பதாம் நாள் பச்சை கடுமையாக ஏறியது. வலது பக்கம் 'கன்னம், கதவு இடுக்கில் விரல்' என்று எழுதியிருப்பேன். பன்னிரண்டாம் நாள் உச்சம். அன்றைக்கு அவளுக்கு ஒரு காதில் சத்தம் கேட்கவில்லை. நான்தான் சொட்டு மருந்து வாங்கி வந்து ஊற்றினேன். ஈவு இரக்கம் இல்லாதவன் அப்படிச் செய்வானா?

அந்த நாட்களில் என்மேல் ஒரு சுடுசொல்கூட விழவில்லை. அவன் என்னை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்தான். மருந்து சாப்பிட்டீங்களா என்று கேட்டான். நிம்மதி என்றால் என்னவென்றே மறந்துபோயிருந்தவன் நான். கதவைத் திறந்து போட்டுக்கொண்டு தூங்கினேன்.

இருபதாம் நாள் அவள் பையோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"மாமா, நான் தையல் கடைக்கே போயிடறேன். அங்க மாடியில ஒரு ரூம் இருக்கு, முதலாளியம்மா தரேன்னு சொன்னாங்க. உங்களுக்கு வந்து சமைச்சு வச்சுட்டுப் போறேன், பரவாயில்ல."

"இன்னும் கொஞ்ச நாள் பொறும்மா. இப்பதான் உச்சத்துக்குப் போயிட்டுக் கீழ இறங்குது" என்றேன். எனக்கு வாய்ப்பழக்கமாக வந்துவிட்டது. அவள் புரியாமல் பார்த்தாள்.

பாதிச் சுற்றில் விஷத்தின் மூலத்தை எடுத்துவிட்டால் நுண்ணுயிரெல்லாம் பட்டினியில் செத்துவிடும். பட்ட பாடெல்லாம் வீண். அந்த வாரமே வாசல் இரும்புக் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டேன். ஒரு சாவி மகனிடம், ஒன்று என்னிடம். அவளுடைய போனின் முகப்பு உடைந்திருந்தது. பழுது பார்க்கக் கொடுக்கிறேன் என்று வாங்கி என் அலமாரியில் வைத்தேன். தொட்டிக்குக்கூட மேலே வலை போடுவது உண்டு. சில மீன்கள் மிரண்டால் துள்ளி வெளியே விழுந்து தரையில் காய்ந்து போகும். வலை அதன் நன்மைக்குத்தான்.

வெளியே போக முடியாதவள் தொட்டியின் முன்னால் வந்து நிற்பாள். மணலில் அப்போது பழுப்புப் பாசி படிந்திருந்தது. வேறு எதுவும் இல்லை.

"உள்ள ஒண்ணுமே இல்லையே மாமா. எதுக்கு இவ்வளவு நேரம் பாக்குறீங்க?"

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். இறால் துண்டு, இரண்டு விஷம், பழைய காலத்து நீல மீன். அவள் கூர்மையான பெண், சட்டென்று பிடித்துக்கொள்வாள்.

"தொட்டி பழகினதுக்கு அப்புறம் அந்த நீல மீன் என்ன ஆகும் மாமா?"

"கடைக்காரர் திருப்பி எடுத்துக்குவார்."

"எடுத்துக்கலேன்னா?"

நான் சோதனைக் குழாயைக் கழுவப் போனேன். ஆனால் கடைக்காரர் எனக்குச் சொல்லியிருந்தார். அதுவரை பட்டதற்கெல்லாம் சேர்த்து அந்த மீன் தொட்டி முழுவதையும் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ளும். புதிதாக வருகிறவற்றை அண்டவிடாது. அதைப் பிடிக்க வேண்டுமானால் பாறையெல்லாம் கலைத்தாக வேண்டும்.

முப்பத்தெட்டாம் நாள் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். வீட்டிலும் அப்படித்தான். பத்து நாளாக வலது பக்கத்தில் எழுத ஒன்றுமில்லை. மகன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சவரம் செய்தான். அவள் நடக்கிற சத்தமே கேட்கவில்லை. தட்டை வைக்கும்போது கீழே விரலைக் கொடுத்து வைப்பாள். அவன் பார்வை மாறுவதற்குள் அறையைவிட்டு வெளியே வந்திருப்பாள். அவன் தோளில் கைவைத்தபோது ஒரு தடவை அவள் துணியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சத்தம் வராததால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அளவு எடுக்கிறவனுக்கு ஒரு முறை வேண்டும் அல்லவா? என் முறை சத்தம்.

மகளுக்குப் போன் செய்தேன். "உன் தம்பி பெட்டிப் பாம்பா அடங்கிட்டான். ஒரு தடவை வந்து பார். பிடிக்கலேன்னா போயிடு" என்றேன். பின்னாலிருந்து பேத்தி, "மீன் வந்திருச்சா தாத்தா?" என்று கத்தினாள். அதனால்தான் மகள் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. இரண்டு கோமாளி மீன்கள் பையோடு தொட்டியில் மிதந்தன. குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட்டுப் பழக்கினேன். பேத்தி ஸ்டூலில் ஏறிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தாள். என் மகன் ஐஸ்கிரீம் வாங்கி வந்தான். அக்காவை உட்காரச் சொன்னான். மகள் சின்ன அறைக்குள் போய் ஜன்னலை முழம் போட்டு அளந்தாள், மேடம். திரைச்சீலைக்காக. என் கண்ணால் பார்த்தேன். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தொட்டிப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு மகனுக்கு அழைப்பு வந்தது. ஏதோ கட்டடத்தில் இரண்டு பேர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். அவன் போனதும் மருமகள் என் மகளைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். பம்பு சத்தத்தை மீறி எனக்குக் கேட்டது.

"அண்ணி, பாப்பாவை இங்க கூட்டிட்டு வந்துராதீங்க. நான் இருக்கிற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எல்லாம் எங்கிட்டயே முடிஞ்சுரும். ஆனா நான் எத்தனை நாள் இருப்பேன்னு எனக்கே தெரியல."

அப்புறம் பேச்சில்லை. சட்டைக் கையை மேலே தூக்கிக் காட்டியிருப்பாள் போல. மகள் வெளியே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. பேத்தியை ஸ்டூலிலிருந்து இறக்கிச் செருப்பை மாட்டினாள். "நீயும் கிளம்பு. அப்படியே வா" என்றாள் மருமகளைப் பார்த்து.

கிட்டத்தட்ட ஆறு வாரம் ஒரு நாள் விடாமல் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக் கொண்டுவந்த காரியம், ஒரு நிமிஷத்தில் போயிற்று. நான் கதவைத் திறந்து மகளையும் பேத்தியையும் வெளியே விட்டேன். மருமகளுக்குக் குறுக்கே கையை நீட்டினேன். மறுபடி பூட்டினேன்.

மகள் வெளியிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, தொறங்க."

"புருஷன் இல்லாத நேரத்துல சொல்லாம கொள்ளாமப் போனா நல்லா இருக்காதும்மா. அவன் வரட்டும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் நின்றவளிடம், "குழந்தையை விட்டுட்டு ஆளோட வரேன். தைரியமா இரு" என்று சொல்லிப் படியிறங்கினாள்.

மருமகள் அழவில்லை. தொட்டியருகே போய் நின்றாள். மீன் இரண்டும் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தன. "பாப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் சொன்னதை அவர்கிட்ட சொல்லாதீங்க மாமா. இது ஒண்ணுதான் உங்களைக் கேட்டிருக்கேன்" என்றாள்.

சொல்லமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. பார்க்கலாம் என்றேன்.

இரண்டு மணிக்கு மகன் வந்தான். நல்ல மனநிலையில் இருந்தான். மாட்டிக்கொண்டவர்களை ஒரு கீறல் இல்லாமல் வெளியே எடுத்துவிட்டானாம். அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்களாம். சாப்பாடு போடச் சொன்னான். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பான். அது எனக்குத் தெரியும். ஆனால் மருமகள் அந்த வீட்டில் இருக்கிற வரை என் மகள் வரமாட்டாள். அவளாகப் போனாலும் ஊரெல்லாம் சொல்வாள். அப்போதும் மகள் வரமாட்டாள். இதைத் தொட்டிமுன் நின்று நிதானமாக யோசித்தேன். அவனை அறைக்குள் கூப்பிட்டு, அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் சாவியை மேசைமேல் வைத்திருந்தான். அதையும் எடுத்துக்கொண்டேன். பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைப் பூட்டினேன்.

கடல் உப்பு வாங்கப் போனேன். புது மீன் விட்டால் அவசரத்துக்குத் தண்ணீர் மாற்ற உப்பு கைவசம் வேண்டும். வீட்டில் அரை டப்பா இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. கடை பத்து நிமிஷ நடை. நான் அங்கே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பவளத்துக்கு எந்த விளக்கு நல்லது என்று பேசிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் தேநீர் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது நீங்கள் கம்பியை அறுத்துக்கொண்டிருந்தீர்கள். என் மகள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றாள். நாற்பது நிமிஷமாக அங்கே நின்றீர்களாம், முதல் இருபது நிமிஷம் உள்ளேயிருந்து மருமகள் குரல் கேட்டதாம். இரண்டு சாவியும் என் சட்டைப் பையில்தான் இருந்தன. மருத்துவர் சொன்னதையும் நீங்கள் சொன்னீர்கள். என்ன நடக்கும் என்று தெரிந்துதான் செய்தீர்களா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். தெரியும். குறிப்பேட்டை எழுதியவனே நான்தானே. நடக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். வெளியே வந்துவிடக் கூடாது என்றுதான் பூட்டினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். கடைசிவரை தாங்கினாள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. என் மகள் இங்கே எழுதிக் கொடுத்ததை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். தம்பிக்குப் பயந்து அவள் போகவில்லையாம். அவன் அவளை அடித்த அன்றைக்கு, அறைக் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது நானாம். அவள் அம்மாவுக்கும் அப்படித்தான் செய்தேனாம். அழுகிறவள் ஆயிரம் சொல்வாள், மேடம். கோபம் ஆறினால் அவளுக்கே தெரியும். தம்பி இனி வரப்போவதில்லை. வீட்டில் யாரும் இல்லை, சின்ன அறை அப்படியே இருக்கிறது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடச் சொல்லுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.